மாடல் ரயில் இன்ஜினுக்குச் சக்கரம் மாற்றுவது எப்படி: வட சென்னையில் இருந்தபடியே

மாடல் ரயில் இன்ஜினின் சக்கரத்தை மாற்றுவது ஒரு சாயங்கால வேலை. ஆனால் அந்தச் சாயங்காலம் வருவதற்கு முன்னால் செய்யவேண்டியதுதான் ஆளைப் படுத்தும்: எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, சுங்கத்தில் நின்றுபோன பார்சலை மீட்பது, தேவைப்பட்டால் ஒரு லேத் பட்டறைக்காரரைச் சம்மதிக்க வைப்பது. பெரம்பூரைச் சுற்றி ரயில் வேலை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ராயபுரம் ஷெட்டில் நிஜ மின்சார இன்ஜின்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் 12 மில்லிமீட்டர் சக்கரத்தைக் கல்லாவில் வைத்து விற்கும் கடையை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. இதில் நான் பட்ட அலைச்சல் புதிதாக வருபவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் கையில் இருப்பது எச்.ஓ. அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ் தயாரிப்பு என்றால் ஓ.ஓ., 76-ல் ஒரு பங்கு. அதுவும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். கீழே உள்ள அளவுகள் இந்த இரண்டுக்கும் உரியவை. 'என்' (N) என்று பெயருள்ள அளவு, அதாவது 9 மி.மீ. தண்டவாளம் வைத்திருப்பவர்களுக்கு முறை இதேதான், எண்கள் வேறு.

1. சக்கரம்தான் பழுதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால் உடனே சக்கரத்தைச் சந்தேகிக்காதீர்கள். கடல் காற்று வீசும் ஊர் நம்முடையது. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால், ஒரு மாதம் ஓட்டாமல் வைத்தாலே தண்டவாளத்திலும் சக்கரத்திலும் கறுப்புப் படலம் பிடித்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து இரண்டையும் துடையுங்கள். பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும்.

துடைத்த பிறகும் சரியாகவில்லை என்றால் இன்ஜினைத் தலைகீழாக ஒரு மெத்தென்ற துணியில் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு சக்கரமாகப் பாருங்கள்.

வெள்ளி நிறத்துக்கு நடுவே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். குண்டூசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அது தீப்பொறி அரித்தது. லேசாக இருந்தால் ஓட்டலாம், நிறைய இருந்தால் மாற்றுங்கள். சக்கரத்தின் உள்விளிம்பில் சிதைவு இருந்தால் பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) மேல் ஏறும்போது தடம் புரளும், அதையும் மாற்றுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வருகிறதா? அது பெரும்பாலும் சக்கரம் இல்லை. அச்சின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கியர் பிளந்திருக்கும். இரும்பு அச்சை இறுகப் பிடித்தபடியே பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்குவதால் இது நடக்கிறது. லைஃப் லைக் நிறுவனத்தின் புரோட்டோ 2000 வரிசை டீசல் இன்ஜின்களில் இது உலகறிந்த குறை. அதற்கு ஏத்தர்ன் நிறுவனத்தின் 60024 என்ற எண்ணுள்ள கியர் பொருந்தும். சக்கரத்தைத் தொடவே வேண்டாம், கியரை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று, ரப்பர் வளையம். இழுவைக்காகச் சில சக்கரங்களில் ஒரு பள்ளம் வெட்டி டிராக்‌ஷன் டயர் போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் அது காய்ந்து வெடித்துத் தொங்கும். பார்க்கச் சக்கரமே உடைந்ததுபோல இருக்கும், ஆனால் அந்த வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும். தலைமுடி ரப்பர் பேண்டை வெட்டிப் போடாதீர்கள். அதன் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது, இன்ஜின் ஆடி ஆடி ஓடும்.

2. பர்ஸைத் திறக்கும் முன் அளவு எடுங்கள்

புதியவர்கள் பணத்தை விடுவது இங்கேதான். "எச்.ஓ. டீசல் சக்கரம்" என்று தேடி, படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். சக்கரத்துக்கு விட்டம் மட்டும் அளவு கிடையாது.

ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்குங்கள். ஸ்டீலில் செய்தது 1,000 ரூபாய் அளவில் கிடைக்கும். பிளாஸ்டிக் காலிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. பிறகு இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் உருளும் பரப்பின் விட்டம். விளிம்பையும் சேர்த்து அளக்கக் கூடாது. அச்சின் தடிமன், 2 மி.மீ., 2.4 மி.மீ., 3 மி.மீ. எல்லாம் உண்டு. பிரிட்டிஷ் நீராவி இன்ஜின்களில் எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.17 மி.மீ. பார்க்கலாம். 3-க்கும் 3.17-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பொருத்தும்போதுதான் தெரியும். அடுத்து அச்சின் முழு நீளம். கியரில் எத்தனை பல், கியரின் அகலம் என்ன. அப்புறம் முக்கியமான அளவு: ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். இன்றைய எச்.ஓ. தண்டவாளங்களுக்கு இது 14.4 மி.மீ. அருகில் இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் மின்காப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பதால், அச்சின் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடக்கூடாது. சிலவற்றில் ஒரு சக்கரத்துக்குள் மட்டும் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். சிலவற்றில் அச்சே இரண்டு துண்டாக இருந்து நடுவில் பிளாஸ்டிக் கியர் அவற்றைப் பிரிக்கும்.

இந்திய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் அமெரிக்க ஆறு அச்சு டீசல் சேசிஸ் (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம்) மேல் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின் உடலைப் பொருத்தி ஓட்டுகிறோம். நிஜ டபிள்யூ.டி.எம்.-2 சக்கரம் புதிதாக இருக்கையில் 1,092 மி.மீ.; எச்.ஓ. கணக்கில் சுமார் 12.5 மி.மீ. வரும். சேசிஸில் இருப்பதோ பெரும்பாலும் 40 அங்குலச் சக்கரம், அதாவது சுமார் 11.7 மி.மீ. 'மாற்றும்போதே சரியான அளவில் மாற்றிவிடலாமே' என்று கை பரபரக்கும். வேண்டாம். அந்த முக்கால் மில்லிமீட்டர் சொச்சத்தில் சக்கரம் போகியின் (அச்சுகளைத் தாங்கும் வண்டி) சட்டத்திலோ மின்சாரம் எடுக்கும் தகட்டிலோ உரசும், பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் உயரமும் மாறிவிடும். சேசிஸ் எந்த அளவில் வந்ததோ அதே அளவு.

ஒரு சக்கரம்தான் கெட்டது என்றாலும், ஒரே கியர் வரிசையில் ஓடும் எல்லா அச்சுகளையும் சேர்த்து மாற்றுவது நல்லது. தேய்ந்த சக்கரமும் புதுச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். விட்டம் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

3. எங்கே வாங்குவது

வரிசையாக முயன்று பாருங்கள். முதலில் இன்ஜின் தயாரித்த நிறுவனத்தின் உதிரிபாகம். இன்ஜின் பெட்டியில் உதிரிபாகப் படத்தாள் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள், அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது கிடைக்கவில்லை என்றால் மாற்றுச் சக்கரங்கள் மட்டுமே செய்பவர்கள்; அமெரிக்க மாடல்களுக்கு நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் பெயர்பெற்றது. மூன்றாவது வழி, அதே மாடலின் ஓடாத பழைய இன்ஜினை வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்வது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். மோட்டார், கியர், தகடு என்று மற்ற உதிரிகளும் கூடவே வந்துவிடும்.

பழைய ஜெர்மன் சரக்கு வாங்கும்போது கவனம். மார்க்லின் நிறுவனத்தின் எச்.ஓ. இன்ஜின்கள் தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு மின்தொடர்பு உள்ள முறையில் ஓடுபவை; அவற்றின் சக்கரங்களுக்கு மின்காப்பு கிடையாது. உள் இடைவெளியும் குறைவு. விலை மலிவாகத் தெரியும். நம் இரண்டு தண்டவாள முறையில் வைத்த மறுநொடி ஷார்ட் ஆகும்.

'ஆர்.பி.-25' என்ற குறிப்பு இருந்தால் நம்பி வாங்கலாம். அது சக்கர விளிம்பின் வடிவத்துக்கான அமெரிக்கப் பரிந்துரை. இன்றைய தண்டவாளங்களில் தடையில்லாமல் ஓடும். பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு, உயரம் குறைந்த தண்டவாளங்களில் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போகும்.

விலை: அச்சோடு சேர்ந்த ஒரு ஜோடிக்குத் தயாரிப்பைப் பொறுத்து மாறும். பெரும்பாலும் தபால் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடும். அதற்குமேல் வரி. அதனால் பொருளின் விலை எவ்வளவோ அதைப்போல மூன்று பங்கு மொத்தமாக ஒதுக்கிவிட்டு ஆர்டர் போடுங்கள். மிஞ்சினால் லாபம்.

4. பார்சலும் சுங்கமும்: காகிதத்தைத் தயாராக வையுங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சுங்க வகைப்பாட்டில் அளவு குறைக்கப்பட்ட மாடல்கள் 9503 என்ற தலைப்பில், பொம்மைகளோடு வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. போதாததற்கு 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்களுக்காகப் போட்ட விதி அது. ஆனால் பார்சலில் 'டாய் டிரெயின்' என்று எழுதியிருந்தால் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்.

சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளுக்கு 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது. உங்கள் பார்சல் அதில்தான் போக வேண்டும். அடிப்படை வரி, சில சமயம் அதன்மேல் கூடுதல் வரி, எல்லாவற்றின் கூட்டுத்தொகைமேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.) என்று கணக்கு ஏறும். பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி. இந்த விகிதங்களைப் பட்ஜெட்டில் அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் ஆர்டர் போடும் வாரத்தில் நடப்பிலுள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கு ஆர்டரோடு ஒரு செய்தி அனுப்புங்கள். பார்சலின் மேல் 'ஸ்கேல் மாடல் ரயிலுக்கான உதிரிச் சக்கரம், எச்.ஓ. அளவு, பெரியவர்களின் பொழுதுபோக்குக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் விவரம் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'லோகோமோட்டிவ் வீல்ஸ்' என்று எழுதினால் அது நிஜ ரயில் உதிரிபாகங்களுக்கான 8607 தலைப்பைக் கிளப்பும். நான்கு சக்கரத்துக்கு அந்தக் குழப்பம் தேவையா?

'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லாதீர்கள். அன்பளிப்புப் பார்சல்களுக்கு இருந்த 5,000 ரூபாய் விலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது. இப்போது அந்தச் சொல் வரியைக் குறைக்காது, சந்தேகத்தைத்தான் கூட்டும். விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் அப்படியே. கையில் இருக்கும் ரசீதும் பார்சல் மேல் உள்ள விலையும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சுக்கே இடம் இல்லாமல் போகும்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் ஆர்டர் போட்டால் தபால் செலவு மிச்சம்தான். ஆனால் ஒரே பொருள் இருபது, முப்பது இருந்தால் வியாபாரச் சரக்காகப் பார்ப்பார்கள். அப்போது இறக்குமதியாளர் குறியீட்டு எண் கேட்பார்கள், நம்மிடம் அது இருக்காது.

ஆர்டர் போட்ட அன்றே ஒரு உறையில் இவற்றைப் போட்டு வைத்துவிடுங்கள்: விலை, எண்ணிக்கை, ஆர்டர் எண் உள்ள ரசீதின் அச்சுப்பிரதி, பணம் கட்டியதற்கான கார்டு அல்லது பேபால் பக்கம், ஆதார் நகல், பான் நகல், பொருள் இருக்கும் இணையப் பக்கத்தின் வண்ண அச்சு, 'சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தில் பழைய சக்கரத்தை ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒட்டுங்கள். அளவைக் கண்ணால் பார்த்துவிட்டால் கேள்விகள் குறையும். என் பார்சலைப் பற்றிக் கடிதம் வந்தபோது இந்தப் படம்தான் பேசியது.

தபாலில் வந்தால் வரியைப் பெரும்பாலும் வீட்டு வாசலில் தபால்காரரிடம் கட்டலாம். கூரியர் என்றால் அடையாள ஆவணங்களை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றச் சொல்வார்கள். வரியோடு அவர்களுடைய கையாளும் கட்டணமும் தனியாக வரும். சிறிய பார்சலில் அந்தக் கட்டணமே வரியைவிட அதிகமாகும். அவசரமில்லை என்றால் பதிவுத் தபால் போதும்.

'பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பில் பணம் கட்டவும்' என்று செல்போனில் வரும் குறுஞ்செய்திகளைத் தொடாதீர்கள். வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பவர்தான் இந்த மோசடியில் எளிதாக விழுவார். டிராக்கிங் எண்ணை நீங்களே அஞ்சல் துறைத் தளத்தில் அடித்துப் பாருங்கள்.

காலம்: தபாலில் மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் நெரிசல், இங்கே மழை. வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் தபால் என்ன, நாமே வெளியே போக முடியாது.

இதையெல்லாம் தாண்டி ஒரு சுலபமான வழி: சிங்கப்பூர், லண்டனிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர். அவர் வீட்டு முகவரிக்கு ஆர்டர் போட்டால், பயணிக்கான வரிவிலக்கு வரம்புக்குள் சட்டைப் பையிலேயே கொண்டுவந்துவிடுவார். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் இருந்தால் மார்ச் மாதமே சொல்லி வையுங்கள்.

5. கருவிகள்: பாரிமுனையில் ஒரு சுற்று

விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் ஏறி மண்ணடியில் இறங்கிவிடலாம். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம் அளவுக் கருவிகளும் இயந்திரச் சாமான்களும் கிடைக்கும். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சௌகார்பேட்டையில் நகைத் தொழில் கருவிகள் விற்பவர்களிடம் நுனி மெல்லிய இடுக்கியும், கண்ணில் மாட்டும் உருப்பெருக்கியும், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டும் வாங்குங்கள். பொற்கொல்லர் கருவிகள் நம் வேலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். மல்டிமீட்டர் ரிச்சி தெருவில், சில நூறு ரூபாய்.

அச்சைச் சக்கரத்தில் ஒட்ட உலோகப் பிணைப்புப் பசை வேண்டியிருக்கலாம். பேரிங் கடைகளில் லாக்டைட் 638 அல்லது 603 என்று கேளுங்கள். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும்தான் இதைப் போட வேண்டும், ஏனென்றால் சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். ஃபெவிகுவிக் வகைப் பசையைத் தவிருங்கள். சரிசெய்ய நேரம் தராமல் பிடித்துக்கொள்ளும், அதன் ஆவி பக்கத்தில் உள்ள பாகங்களில் வெள்ளையாகப் படியும்.

6. கழற்றுங்கள்

ஒவ்வொரு ஸ்க்ரூவை எடுக்கும் முன்னும் செல்போனில் ஒரு படம். எடுத்த பாகங்களை வைக்கப் பழைய இட்லித் தட்டு போல் வசதி வேறெதிலும் இல்லை. முதல் குழியில் முதலில் கழற்றியது, அடுத்ததில் அடுத்தது. திரும்பப் பூட்டும்போது பின்னாலிருந்து வாருங்கள்.

டீசல், மின்சார இன்ஜின்களில் உடலைக் கழற்றத் தேவையே இருக்காது பல சமயம். போகியின் அடிமூடி சின்னக் கொக்கிகளில்தான் நிற்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு முனையைக் கிளப்பினால் மூடி வந்துவிடும், அச்சுகள் அப்படியே தெரியும். கொக்கி பிளாஸ்டிக் என்பதால் நெம்பும் கையில் வேகம் வேண்டாம். மின்சாரம் எடுக்கும் தகடுகள் சக்கரத்தின் பின்பக்கத்தை எங்கே தொடுகின்றன என்று பார்த்து வையுங்கள். திரும்பப் போடும்போது அதே இடத்தில் அதே அழுத்தத்தில் தொட வேண்டும். மோட்டார் வரை போக வேண்டி வந்தால், உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு வேலை செய்யுங்கள். பிரஷ் ஸ்பிரிங் தெறித்தால் கவருக்குள்ளேயே கிடக்கும்.

7. பழைய சக்கரத்தை எடுத்தல், தேவைப்பட்டால் லேத்

நடுக் கியரில் செருகிய இரட்டை அச்சு வகை என்றால் இரண்டு கையிலும் ஒவ்வொரு சக்கரத்தைப் பிடித்து, திருகிக்கொண்டே நேராக இழுங்கள். வந்துவிடும். சாய்த்து இழுத்தால் கியரின் துளை பெரிதாகிவிடும்.

முழு அச்சில் அழுத்திப் பொருத்திய சக்கரம் என்றால் கொறடா வைத்துத் திருகாதீர்கள். சக்கரத்துக்கு அடியில் அச்சு நுழையும் பிளவுள்ள தடித்த இரும்புத் தகட்டை முட்டுக் கொடுத்து, அச்சின் முனையை அதைவிட மெல்லிய கம்பியால் நேராக அழுத்த வேண்டும். டிரில் ஸ்டாண்ட் உள்ள நண்பர் இருந்தால் மோட்டாரை ஓட்டாமல் அதன் கைப்பிடியை மட்டும் இறக்கி அழுத்தலாம்.

மாற்றுச் சக்கரமே கிடைக்காத பழைய இன்ஜினுக்கு லேத் பட்டறைதான் கதி. ரயில்வேயில் இருந்த பெரியவர்களைக் கேட்டால் "கடைசல் பிடிச்சிடு" என்பார்கள். நிஜ இன்ஜினில் அது சரி. 1,092 மி.மீ. சக்கரத்தைத் தேயத் தேயக் கடைந்து 1,016 வரை ஓட்டுகிறார்கள். மாடல் சக்கரம் முழுக்க நிக்கல் சில்வராக (வெள்ளி நிறக் கலப்பு உலோகம்) இருந்தால் லேசாகக் கடையலாம். பித்தளைமேல் பூச்சு என்றால் கடைந்ததும் பித்தளைதான் மிஞ்சும், அது சீக்கிரம் கறுக்கும்.

வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கொடுத்தபோது, டர்னர் அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, இத சக்குல பிடிச்சா நசுங்கிடும்ணே," என்றார். சக் என்பது லேத்தில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் தாடை. பிறகு பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து, நடுவில் துளை போட்டு, பக்கத்தில் ஹாக்ஸா பிளேடால் ஒரு பிளவு வெட்டினார். சக்கரத்தை அந்தத் துளைக்குள் வைத்து, பித்தளையைத்தான் சக்கில் பிடித்தார். சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை. நீங்கள் போகும் பட்டறையில் இந்தப் பித்தளைப் பிடி செய்து தருவார்களா என்று முதலில் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பட்டறை பாருங்கள். அச்சு வேண்டுமானால் சில்வர் ஸ்டீல் கம்பியில் வெட்டித் தரச் சொல்லலாம். பெரிய வேலைகளுக்கு நடுவே இதைச் செய்பவருக்கு நேரம்தான் செலவு, அதனால் சில நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசாதீர்கள். ஆயுத பூஜை வாரத்தில் போகாதீர்கள், மிஷினுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருப்பார்கள்.

8. புதுச் சக்கரத்தைப் பொருத்துங்கள்

முதலில் கியர் அச்சின் நடுவில் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு சக்கரத்தைப் பொருத்துங்கள், அடுத்து மறுபக்கத்தை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்து உள் இடைவெளியை அளங்கள். 14.4 வந்ததும் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்தில் அளக்க வேண்டும். நாலும் ஒன்றாக இல்லை என்றால் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, ஓடும்போது தள்ளாடும். பசை போடுவதாக இருந்தால் இந்த அளவு சரியான பிறகு, ஊசி முனையில் எடுத்த ஒரு பொட்டுப் போதும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள்.

மின்காப்புள்ள சக்கரங்கள் எல்லா அச்சிலும் ஒரே பக்கம் வர வேண்டும், பழையது எப்படி இருந்ததோ அதேபோல. ஒரே ஒரு அச்சு திரும்பிப் போனாலும் சேசிஸ் வழியாக ஷார்ட் ஆகும். போகியில் வைக்கும் முன் மல்டிமீட்டரை ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கியருக்குப் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸ், பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு துளி மெல்லிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

9. நீராவி இன்ஜின் என்றால்

இங்கே வேலை கடினம். ஒரு பக்கத்துக் கிராங்கும் (சக்கரத்தில் இணைப்புத் தண்டு மாட்டும் முளை) மறுபக்கத்துக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், எல்லா அச்சிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருப்பது. கொஞ்சம் மாறினாலும் இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இறுகி இறுகி விடும். கோணத்தைப் பிடித்துத் தரும் தனிக் கருவி உண்டு. அது இல்லாமல் கண் மதிப்பில் செய்யாதீர்கள். அச்சோடும் கியரோடும் கோணம் சரிசெய்து வரும் முழு வீல்செட் கிடைத்தால், விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள். முதல் முறை சக்கரம் மாற்றுபவர் டீசல் இன்ஜினில் தொடங்குவது நல்லது.

10. ஓட்டிப் பாருங்கள்

மூடியைப் போடும் முன்னால் மோட்டாரிலிருந்து கியர் தொடர்பை விடுவித்து, விரலால் தள்ளி உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். பூட்டிய பிறகு, சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் மிகக் குறைந்த வேகத்தில் ஒரு மீட்டர் ஓட்டுங்கள். டி.சி.சி. டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) உள்ள இன்ஜினை நேராக மெயின் தண்டவாளத்தில் வைக்காதீர்கள். முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து டிகோடரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு, ஷார்ட் இருந்தாலும் டிகோடர் தப்பிக்கும்.

நேர்ப்பாதையில் நன்றாக ஓடி, பாயிண்ட்டில் மட்டும் துள்ளினால் உள் இடைவெளியை மறுபடி அளங்கள். வளைவில் மட்டும் திணறினால் சக்கரம் சட்டத்தை உரசுகிறது. பளபளவென்று புதிதாகத் தேய்ந்த கோடு எங்கே தெரிகிறது என்று பாருங்கள், அதுதான் இடம். எல்லாம் சரி என்றால் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி, நடுத்தர வேகத்தில் வெறும் இன்ஜினாக ஓடவிடுங்கள். பெட்டிகளை அதன் பிறகு மாட்டுங்கள். ஓட்டி முடித்ததும் அச்சுகளைத் தொட்டுப் பாருங்கள்; ஒன்று மட்டும் சுட்டால் அதன் பேரிங்கில் எண்ணெய் போகவில்லை.

நோட்டில் எழுதிய அளவுகளோடு வாங்கிய பாகத்தின் எண், விலை, கட்டிய வரி, ஆர்டர் போட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இன்ஜின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறை அதை மாற்ற வேண்டியிருக்கும்.